ஒன்றுபோல் தோன்றும் நற்பாக்டீரியாக்களைப் பிரித்தறியும் மரபணுச் சேவை: குடியாத்தத்திலிருந்து ஒரு மதிப்புரை

குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைத்துப் புட்டியில் அடைத்து விற்கும் சிறு கூடத்தை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற சித்திரையில் அந்தக் கூழ் நீர்த்துப்போகத் தொடங்கியது. புளிப்பு குறையவில்லை; அமிலத்தன்மையும் வழக்கமான அளவிலேயே இருந்தது; ஆனால் புட்டியைச் சாய்த்தால் இழையாக இறங்க வேண்டிய கூழ் மோர் போலக் கொட்டியது. வேலூரில் எங்கள் சரக்கை எடுக்கும் கடைகளில் இரண்டு, நாங்கள் தண்ணீர் கலந்துவிட்டோம் என்று எண்ணிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டன. மாவை மாற்றி, நொய்யை மாற்றி, தண்ணீரை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லாதபோது, கொதித்து ஆறிய கூழில் நாங்கள் சேர்க்கும் உறைப் பாக்டீரியாவின் மீதே சந்தேகம் வந்தது. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள இரண்டு தனியார் மரபணு ஆய்வகங்களை அடுத்தடுத்து நாடினேன். இதே தேவை உள்ள பிற சிறு உற்பத்தியாளர்கள் பணம் கட்டுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை அந்த அனுபவத்தில் பல இருந்தன என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் அனுப்பியவை மூன்று குழாய்கள். கே-1 என்பது ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரின் கூழ்ப்பானையிலிருந்து தனியே பிரித்தெடுத்து, கிளிசரால் கலந்து உறைநிலையில் வைத்திருந்த மூலப் பாக்டீரியா. கே-2 என்பது அதே மூலத்திலிருந்து எடுத்து, வாரந்தோறும் புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி, இன்று கூடத்தில் பயன்பாட்டில் இருப்பது. கே-3 என்பது சென்ற ஆண்டு அதே பானையிலிருந்து புதிதாகப் பிரித்தது. இவ்வகைப் பாக்டீரியாக்களை வளர்க்க உதவும் எம்.ஆர்.எஸ். என்ற ஊடகத் தட்டில் மூன்றும் வெண்ணெய் நிறத்தில், உருண்டையாக, ஒன்றையொன்று அடையாளம் சொல்ல முடியாதபடி வளர்ந்தன. நுண்ணோக்கியில் மூன்றும் ஊதா நிறம் ஏற்ற கோல்கள். கே-2 உண்மையில் கே-1 தானா, அல்லது இடையில் வேறொன்று புகுந்து அதன் இடத்தைப் பிடித்துவிட்டதா என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் நாடியது சென்னையிலுள்ள ஓர் ஆய்வகத்தை. அவர்களுடைய சேவையின் பெயரே ‘பாக்டீரியா அடையாளம் காணல்’ என்றிருந்தது. கட்டணம் ஒரு மாதிரிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. சொன்னபடி ஒன்பதாம் நாள் அறிக்கையும் வந்துவிட்டது. மூன்று மாதிரிகளுக்கும் ஒரே பெயர்: லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். ஒப்புமை மூன்றிலும் 99 விழுக்காட்டுக்கு மேல். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உறையில் கோளாறு இல்லை என்று நம்பி, நான் மேலும் ஒரு மாதம் மாவு வியாபாரியோடு வாதிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தின் இழப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அறிக்கையில் பொய் என்று எதுவும் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் வலிமை அந்த முறைக்கு இல்லை என்பதுதான் குறை. அவர்கள் படித்தது 16எஸ் எனப்படும் மரபணுவை. புரதம் கட்டும் ரைபோசோமின் ஓர் உறுப்புக்கு அச்சாக உள்ள இந்த மரபணு எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருப்பதாலும், மிக மெதுவாகவே மாறுவதாலும், 1977இல் கார்ல் வோஸ் என்ற நுண்ணுயிரியலாளர் உயிரினங்களின் பெரும் கிளைகளைப் பிரித்துக் காட்டப் பயன்பட்டது. தொலைவில் உள்ள உறவுகளைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. மெதுவாக மாறும் அந்தக் குணமே அண்ணன் தம்பிகளைப் பிரிக்க வேண்டிய இடத்தில் தடையாகிறது. பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் என்ற மூன்று நெருங்கிய இனங்களின் 16எஸ் வரிசைகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்தவை. ஏறத்தாழ 1,500 எழுத்து (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற காரங்களையே எழுத்து என்கிறேன்) நீளமுள்ள அந்த மரபணுவில் அவற்றைப் பிரிக்கும் எழுத்துகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இந்த ஆய்வகமோ வாசிப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்றே ஒன்றைக் கொண்டு 680 எழுத்துகளை மட்டும் படித்திருந்தது. பாதி மரபணுவைக்கூட எட்டாத அந்தத் துண்டில் வேறுபாடு அகப்படாமல் போவதில் வியப்பில்லை.

ஒப்புமைப் பட்டியலைப் பின்னர் நிதானமாகப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கே-3க்கான பட்டியலின் முதல் வரியில் பிளாண்டாரமும், இரண்டாம் வரியில் அதே விழுக்காட்டில் பென்டோசஸும் இருந்தன. முதல் வரியில் இருந்தது மட்டுமே முன்பக்கத்தில் முடிவாக ஏறியிருந்தது. இரண்டு பெயர்களும் சமமாக வந்தால் ‘இந்தக் குழுவைச் சேர்ந்தது, இம்முறையால் இதற்கு மேல் பிரிக்க இயலாது’ என்று எழுதுவதே நேர்மையான அறிக்கை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் ஒரு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். ஒப்பிட்டதும் பொதுத் தரவுத்தளத்தில் யார் யாரோ ஏற்றிய வரிசைகளோடுதான். அந்த இனத்துக்கென அதிகாரபூர்வமாக வைக்கப்பட்டுள்ள மாதிரித் திரிபோடு (திரிபு என்பது ஓர் இனத்துக்குள் உள்ள தனி வகை) ஒப்பிட்டிருக்கவில்லை. பெயர்கூடப் பழையது. 2020 ஏப்ரலில் லாக்டோபேசில்லஸ் என்ற பெரும் பேரினம் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து இதன் முறையான பெயர் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். பெயர் நீளமாக இருப்பது எனக்கும் சிரமம்தான் என்றாலும், உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது தாளில் இருக்க வேண்டியது நடப்பில் உள்ள பெயர்.

இரண்டாவது ஆய்வகம் பெங்களூருவில் உள்ளது. அங்கே தொலைபேசியில் பேசிய ஆய்வாளர் கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே, “மேடம், இவற்றின் பெயர் வேண்டுமா, இரண்டும் ஒன்றுதானா என்பது வேண்டுமா?” என்று கேட்டார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி அந்தக் கேள்விக்கே உரியது. இனத்தின் பெயரை அறிவது ஒரு வேலை. ஒரே இனத்துக்குள் இந்தத் திரிபு அந்தத் திரிபுதானா என்று அறிவது வேறு வேலை. முதலாவதற்கு ஒரு மரபணு போதும், அது சரியான மரபணுவாக இருந்தால். இரண்டாவதற்குப் பெரும்பாலும் முழு மரபணுத்தொகுப்பையும் படிக்க வேண்டியிருக்கும்.

இனத்தைப் பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது ரெக்-ஏ என்ற மரபணுவை. சிதைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் புரதத்துக்குரிய இந்த மரபணு 16எஸ் அளவுக்கு இறுகியதன்று. நெருங்கிய இனங்களுக்கிடையிலும் போதிய வேறுபாடு அதில் சேர்ந்துவிடுகிறது. அதை வைத்து மூன்று இனங்களையும் ஒரே பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கும் முறை) குழாயில் பிரிக்கும் வழி 2001இலேயே வெளியாகியுள்ளது. பிளாண்டாரமாக இருந்தால் 318 எழுத்து நீளமுள்ள துண்டும், பென்டோசஸாக இருந்தால் 218 நீளத் துண்டும், பாராபிளாண்டாரமாக இருந்தால் 107 நீளத் துண்டும் பெருகும். மின்புலத்தில் ஜெல்லில் ஓட்டினால், துண்டின் நீளத்துக்கு ஏற்பப் பட்டைகள் தனித்தனி உயரத்தில் நிற்கும். வரிசை படிக்கும் பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. எனக்கு அனுப்பிய ஜெல் படத்தில் கே-1, கே-2 இரண்டும் 318இல் நின்றன. கே-3 தெளிவாக 218இல் இறங்கியிருந்தது. அதாவது மாமியாரின் பானையிலிருந்து நான் புதிதாகப் பிரித்தது பென்டோசஸ். சென்னை அறிக்கையை நம்பி அதை உறையாகச் சேர்த்திருந்தால், கூடத்தில் ஓர் இனத்துக்குப் பதிலாக வேறோர் இனம் குடியேறியிருக்கும். இந்த ஒரு சோதனைக்கான கட்டணம் சென்னை ஆய்வகம் வாங்கியதைவிடக் குறைவு என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கே-1, கே-2 இரண்டும் பிளாண்டாரம் என்பது உறுதியானது. ஒரே திரிபா என்பது அதிலிருந்து தெரியாது. முன்பெல்லாம் இதற்கு, மரபணுத்தொகுப்பை நொதியால் பெருந்துண்டுகளாக வெட்டி, திசை மாறி மாறிப் பாயும் மின்புலத்தில் ஜெல்லில் ஓட்டி, பட்டைகளின் அமைப்பை ஒப்பிடுவார்கள். 1984இல் ஸ்வார்ட்ஸும் கேன்டரும் அறிமுகப்படுத்திய இந்த முறை நீண்ட காலம் உரைகல்லாக இருந்தது. நாள் கணக்கில் கைவேலை பிடிக்கும். சிறு மாறுதல்கள் பட்டையில் தெரியாமலும் போகும். ஆய்வகம் அதைத் தவிர்த்து, முழு மரபணுத்தொகுப்பைப் படிக்கப் பரிந்துரைத்தது. செலவு அதிகம், இரண்டு மாதிரிகளுக்குமாக எங்கள் கூடத்தின் ஒரு மாத மின்கட்டணத்தைத் தாண்டியது. இருந்தும் ஒப்புக்கொண்டேன்.

முடிவு நான் எதிர்பாராதது. மையக் குரோமோசோமில் கே-1க்கும் கே-2க்கும் நான்கே எழுத்துகள் வேறுபட்டன. இந்த இனத்தின் மரபணுத்தொகுப்பு பெரியது. 2003இல் வெளியான டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 என்ற திரிபின் தொகுப்பில் மட்டும் சுமார் 33 லட்சம் எழுத்துகள் உள்ளன. அத்தனை எழுத்துகளுக்கிடையே நான்கு என்பது, ஒரே மூலத்திலிருந்து ஆறு ஆண்டுகள் மாற்றி மாற்றி வளர்த்ததற்கு இயல்பான அளவே. எனவே வெளியிலிருந்து எதுவும் புகவில்லை; கே-2 நம்முடைய பழைய பாக்டீரியாவேதான். ஆனால் கே-1இல் இருந்த சில துண்டுகளுக்கு ஈடான வரிசை கே-2இல் ஓரிடத்திலும் இல்லை என்று அதே அறிக்கை காட்டியது. இங்கேதான் சேவையின் முதல் குறை வெளிப்பட்டது. அவர்கள் படித்தது 150 எழுத்து நீளமுள்ள குறுந்துண்டுகளை. அவற்றைக் கோத்துக் கட்டும்போது, காணாமல் போனது குரோமோசோமின் ஒரு பகுதியா, அல்லது குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நெடுந்துண்டு முறையைச் சேர்த்துச் செய்தால்தான் வளையம் மூடி முழுமையாகத் தெரியும். இதை அவர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டபின்பு சொன்னார்கள். கூடுதல் கட்டணமும், மேலும் மூன்று வாரக் காத்திருப்பும் சேர்ந்துகொண்டன.

அந்த மூன்று வாரத்துக்குப் பின் வந்த படம் இதுவரை இந்தத் தொழிலில் நான் பெற்ற தாள்களிலேயே மிகப் பயனுள்ளது. காணாமல் போனது ஒரு பிளாஸ்மிட். அதில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்டிச் செல்லுக்கு வெளியே விடும் மரபணுக்களின் தொகுதி ஒன்று இருந்தது. கூழுக்கு இழையும் திடமும் தருவது அந்தச் சங்கிலிகளே. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களில் இத்தகைய பயனுள்ள மரபணுக்கள் பல பிளாஸ்மிட்டில் அமைந்திருப்பதும், அவசியம் இல்லாத சூழலில் மீண்டும் மீண்டும் வளர்க்கும்போது அந்த வளையம் உதிர்ந்துபோவதும் பால்பொருள் தொழிலில் நெடுநாளாக அறியப்பட்டவை. செழிப்பான எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் வாரந்தோறும் மாற்றி வளர்த்து, அந்த வளையத்தை நாங்களே உதிரச் செய்திருக்கிறோம். புளிப்பு மாறாமல் கெட்டித்தன்மை மட்டும் போனதற்கும் காரணம் விளங்கியது: அமிலம் ஆக்கும் மரபணுக்கள் குரோமோசோமிலேயே பத்திரமாக இருக்கின்றன.

மையக் குரோமோசோமை மட்டும் ஒப்பிட்டு ‘இரண்டும் ஒரே திரிபு’ என்று அறிக்கை எழுதியிருந்தால் அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும். என் கூழ் மட்டும் நீர்த்தே இருந்திருக்கும். ஆகவே முழு மரபணுத்தொகுப்புச் சேவையை வாங்குவோர், எழுத்து வேறுபாடுகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத மரபணுக்களின் பட்டியலையும் கேட்டுப் பெற வேண்டும். இது தொழிலளவில் மட்டும் பொருட்படுத்த வேண்டியதன்று. எல்.ஜி.ஜி. என்று உலகெங்கும் அறியப்பட்ட, ராம்னோசஸ் என்ற நற்பாக்டீரியா இனத்தின் திரிபையும், அதே இனத்தின் எல்.சி.705 என்ற திரிபையும் 2009இல் ஒப்பிட்டபோது, குடற்சளியில் பற்றிக்கொள்ள உதவும் மயிரிழைகளுக்கான மரபணுக்கள் எல்.ஜி.ஜி.யில் இருந்தன, எல்.சி.705இல் இல்லை. இனம் ஒன்று, ஆனால் குடலில் நடந்துகொள்ளும் விதம் வேறு. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வயிற்றுப்போக்குக்கு உள்ளான 124 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) ஆய்விலும், கொடுத்தது ‘ஏதோ ஒரு ராம்னோசஸ்’ என்றில்லாமல், எல்.ஜி.ஜி.க்கு உரிய ஏ.டி.சி.சி. 53103 என்ற சேமிப்பு எண்ணோடு திரிபு குறிக்கப்பட்டிருக்கிறது. வேறொரு ராம்னோசஸை விற்பவர் அந்த ஆய்வைத் தமக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

பிற பாக்டீரியாக் குழுக்களை வைத்திருப்போர்க்குச் சுருக்கமாகச் சில சொற்கள். கேசீ, பாராகேசீ, ராம்னோசஸ் ஆகிய மூன்றுக்கும் இதே 16எஸ் சிக்கல் உண்டு. அங்கேயும் ஃபெ-எஸ், ரெக்-ஏ போன்ற மரபணுக்களையே கேட்க வேண்டும். பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் லாக்டிஸ் துணையினம் மேலும் கடினமானது. பி.எல்.-04, டி.எஸ்.எம். 10140 என்ற இரு திரிபுகளை 2009இல் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதில் 47 ஒற்றை எழுத்து மாற்றங்களும், நான்கு இடங்களில் சேர்ப்பு அல்லது நீக்கமும் மட்டுமே அகப்பட்டன. அத்தகைய பாக்டீரியாவை ஒரு மரபணுவைக் கொண்டு பிரித்துத் தருவதாக எந்த ஆய்வகமாவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. மருந்துக் கடைகளில் ‘லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்று அச்சிட்டு விற்கும் வித்துப் (ஸ்போர்) பாக்டீரியா லாக்டோபேசில்லஸே அன்று. நாம் பேசிலஸ் கோயாகுலன்ஸ் என்று அறிந்ததே அது. லாக்டோபேசில்லஸ்கள் வித்து உண்டாக்குவதில்லை. அதைப் பிரித்தறிய 16எஸ் தாராளமாகப் போதும்.

பெங்களூரு ஆய்வகத்திடம் எனக்கு இன்னும் இரண்டு மனக்குறைகள் உண்டு. அறிக்கை முழுவதும் ஆய்வாளர்களுக்கென எழுதப்பட்டது. ஒரு சிறு கூடம் நடத்துபவர் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கமாவது எளிய விளக்கம் இருந்திருக்கலாம். தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்கள் என்பது உண்மைதான். எழுத்தில் இருந்தால் என் கூடத்தில் வேலை செய்யும் பெண்களுக்கும் நான் படித்துக் காட்டியிருப்பேன். மற்றொன்று, அந்த மாதிரிகளில் எத்தனை செல்கள் உயிரோடு இருந்தன என்பதை மரபணுச் சோதனை சொல்லாது என்ற எச்சரிக்கை அறிக்கையில் இல்லை. செத்த செல்லின் டி.என்.ஏ.வும் பி.சி.ஆர்.இல் பெருகும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, புரோபயாடிக் என்று விற்க வேண்டுமானால் ஒரு நாள் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத் தட்டில் வளர்த்து எண்ணுவதே தேவை. மாறாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிர்தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்கும் பேரினம், இனம், திரிபு ஆகிய மூன்று நிலை அடையாளத்துக்கு இந்த அறிக்கை முற்றிலும் பொருந்தும். மூல வரிசைக் கோப்புகளை நான் கேளாமலே அனுப்பிவைத்ததையும் பாராட்ட வேண்டும். சென்னையிலிருந்து அவற்றைப் பெற நான்கு முறை எழுத வேண்டியிருந்தது.

மாதிரி அனுப்புவது குறித்தும் ஒரு சொல். வேலூர்க் கோடையில் கூரியர் வண்டிக்குள் குழாய்கள் ஒரு பகல் முழுவதும் வெந்துபோகும். முதல் முறை சென்னைக்கு அனுப்பியதில் ஒரு குழாயில் பூஞ்சை ஏறி, மறுபடி அனுப்ப நேர்ந்தது. இரண்டாம் முறை சாய்வு ஊடகக் குழாய்களின் மூடியைப் பாராஃபின் நாடாவால் சுற்றி, குளிர்ப்பொதிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காட்பாடியில் காலை வண்டி ஏறிப் பெங்களூருவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு குழாய்களை ஒரே நாளில் திறந்து வேலை செய்யக் கூடாது என்பதையும் அவர்களே சொல்லித் தந்தார்கள்; நெருங்கிய பாக்டீரியாக்களை ஒப்பிடும்போது ஒரு துளி கலந்தாலும் முடிவு பாழாகும்.

இப்போது வாராந்திர மாற்றத்தை நிறுத்திவிட்டோம். கே-1இன் உறைநிலைச் சேமிப்பை நாற்பது சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்து, ஒரு குப்பியைத் திறந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் பயன்படுத்தி மீதியைக் கொதிநீரில் இட்டுக் கொட்டிவிடுகிறோம். அந்தப் பிளாஸ்மிட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க பெங்களூரு ஆய்வகம் ஒரு ஜோடி பிரைமர்களை வடிவமைத்துத் தந்தது. மாதம் ஒரு முறை கூடத்து உறையை அனுப்பி அந்த ஒற்றைச் சோதனையைச் செய்துகொள்கிறேன். இதுவரை மூன்று மாதங்கள் பட்டை சரியான உயரத்தில் வந்திருக்கிறது. சரக்கைத் திருப்பிய இரண்டு கடைகளில் ஒன்று ஆடி மாதத்தில், கூழ் வார்க்கும் நாளுக்கு முன்தினம், மீண்டும் இருபது பெட்டி எடுத்தது.